நகைக்கடன்: 85 என்ற எண்ணும் கைக்கு வரும் பணமும்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் விரைவில் வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் வேலைக்கு அமரப் போகிறீர்கள். அதனால் நகைக்கடனைப் பற்றிப் பேச நினைத்தேன். கல்லூரிக் கட்டணம் கட்டக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பெற்றோர் இங்கே இருப்பார்கள். அவர்களுக்கு இது புதிய விஷயமல்ல.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது. வீட்டுத் தேவைக்கான கடன் நகை மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நகை தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றன அவை. கடன் கொடுப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. தங்கம் விலை சரிந்து வட்டியும் ஏறி நின்றால், ஏலம் விட்டாலும் அசல் தேறாது. ஆனால் பாட்டி போட்டிருந்த சங்கிலிக்கு யாரிடம் பில் இருக்கிறது? தமிழ்நாட்டு விவசாயிகள் எதிர்த்தார்கள். முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகளில் 2.5 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்றானது. பில் இல்லாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம்.

எதிர்ப்பு வீண்போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் அந்த 85-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நகையின் மதிப்பு ஒரு லட்சம். அசலும் வட்டியும் ஓராண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன். இதில் கடைசியில் கட்ட வேண்டிய முழுத் தொகையும் 85,000-க்குள் அடங்க வேண்டும். வட்டி 12 விழுக்காடு என்றால் இன்று கைக்கு வருவது சுமார் 75,900 ரூபாய். வட்டி கூடினால் அதுவும் குறையும். விளம்பரத்தில் 85-ஐப் பார்த்து வந்த அம்மா, குறையும் ஒன்பதாயிரத்துக்கு எங்கே போவார்? கந்துவட்டிக்காரரிடம்தான். தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் அந்த வாசல் முழுதாக அடைபடவில்லை.

அந்த விதிகளின் மறுபாதியை நான் மனமார வரவேற்கிறேன். நகையை மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் அங்கே இருக்க வேண்டும். எடை, தரம், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது எல்லாம் சீட்டில் வர வேண்டும். கடன் அடைந்தால் அன்றே, மிஞ்சினால் 7 வேலை நாளில், நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவர் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். ஏலத்தின் ஆரம்ப விலை நடப்பு மதிப்பில் 90 விழுக்காடு. இரண்டு ஏலம் போணியாகாவிட்டால்தான் 85. மிஞ்சும் பணம் நகைக்காரருக்கே. நகை மூழ்கிப்போனது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. நிறுவனங்களுக்கு இதனால் செலவும் வேலையும் கூடும். கூடட்டும், ஏலத்துக்குப் பின் வரும் சண்டையும் வழக்கும் குறையும்.

கவுன்டரில் அமரப் போகிறவர்களே, கையெழுத்து வாங்குமுன் கல் கழிவையும் கடைசியில் கட்ட வேண்டிய தொகையையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கறிஞர்களாகப் போகிறவர்களே, கட்சிக்காரர் வந்தால் முதலில் அந்த மதிப்பீட்டுச் சீட்டைக் கேளுங்கள். அடுத்த வரைவுக்கு ரிசர்வ் வங்கி பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, உங்கள் கவுன்டரில் பார்த்த கணக்குகளை எழுதி அனுப்புங்கள்.