விளம்பரக் கல்வியும் வாய்மை நோன்பும்
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

  

கோவைக் கல்லூரிகளில் சேர்க்கைக் காலம் நெருங்குகின்றது. பிள்ளைகள் எதைப் படிப்பது என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுந்துள்ளது. சந்தைப்படுத்தலும் விளம்பரமும் பயில விரும்புவதாக ஒரு பிள்ளை கூறினால், பெரியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். “பொய் சொல்லிப் பிழைக்கும் படிப்பு நமக்கு எதற்கு?” என்கின்றனர். பொய்யாமையை நோன்பாகக் கொண்ட குடியில் இவ்வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், இப்படிப்பு யாது? 1982இல் தோன்றிய பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. பயில்வோர் சந்தைப்படுத்தலை ஒரு பாடமாகக் கற்கின்றனர். பொருள், விலை, கிடைக்கும் இடம், எடுத்துரைத்தல் என்று அதன் கூறுகளை நான்காக வகுத்தவர் ஜெரோம் மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், ஆண்டு 1960. விளம்பரம் நான்காம் கூற்றின் ஒரு பகுதியே. மக்களின் தேவையைக் கேட்டறிதலும், தரத்திற்கேற்ற விலை வகுத்தலும் இப்படிப்பைச் சேர்ந்தவையே.

கொங்கு மண்ணில் பொருள் செய்யும் கைகளுக்குக் குறைவில்லை. திருப்பூர்ப் பின்னலாடையும் கோவைக் கிரைண்டரும் பம்புசெட்டும் அதற்குச் சான்று. 2019இல் ஈரோட்டு மஞ்சள் புவிசார் குறியீடு பெற்றது. பிற பகுதி மஞ்சளை அப்பெயரால் விற்பது சட்டப்படி குற்றமாகும். ஆகவே, பெயர் என்பது வாங்குவோருக்குத் தரப்படும் ஓர் உறுதிமொழி. அவ்வுறுதியைக் காப்பதே சந்தைப்படுத்தலின் சிறந்த பணி.

‘விளம்பு’ என்னும் வினைக்குச் சொல்லுதல், பரிமாறுதல் என்று இரு பொருளும் உண்டு. இலையில் இடுவது நஞ்சாகலாகாது. செவியில் இடுவதும் அவ்வாறே.

சொல்லும் முறையை நமக்கு வகுத்துத் தந்தவர், ஈரோட்டுப் பகுதிச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமண முனிவர் பவணந்தியார். நூலுக்கு ஆகாதன என்று அவர் நன்னூலில் காட்டும் பத்துக் குற்றங்களுள் சிலவற்றை இன்றைய விளம்பரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிபந்தனைகளைக் கண்ணுக்குப் புலப்படாத சிற்றெழுத்தில் மறைப்பது குன்றக் கூறல். ஏழு நாளில் மேனி நிறம் மாறும் என்பது மிகைபடக் கூறல். இலவசம் என்று அறிவித்துவிட்டுக் கட்டணம் கேட்பது மாறுகொளக் கூறல். ‘ஐம்பது விழுக்காடு’ என்பதைப் பெரிதாக அச்சிட்டு, ‘வரை’ என்னும் சொல்லைப் பொடியெழுத்தில் ஒதுக்குவது மயங்க வைத்தல். விளம்பரம் எழுதக் கற்கும் மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறு யாது?

நம் அறநூல் இன்னும் ஆழமாகச் செல்கின்றது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அணுவிரதங்களுக்கு நேரும் வழுக்களைக் கூறுகின்றது. பொய்யான அறிவுரையும் பொய்யாவணமும் வாய்மையின் வழுக்கள். அளவையைக் கூட்டிக் குறைப்பதும் போலிப்பொருளை நல்ல பொருளாக விற்பதுமோ கள்ளாமையின் வழுக்களாக வைக்கப்பட்டுள்ளன. ஏமாற்றி விற்பவன் பொய்யன் மட்டுமல்லன், திருடனுமாவான் என்பது இதனால் பெறப்படும்.

நாட்டின் சட்டமும் இவ்வழியே வந்துள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். ஆராயாமல் அப்பொருளைப் பரிந்துரைக்கும் புகழ்பெற்றோரும் தப்ப இயலாது.

ஆயினும், சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. உண்மையை மட்டுமே சொல்லும் விளம்பரமும் வேண்டாத ஆசையைத் தூண்டக்கூடும். மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட நமக்கு இதுவே கடினமான சோதனை. மதுவுக்கும் புலாலுக்கும் விளம்பரம் எழுதேன் என்பது எளிது. கடன் வாங்கியேனும் வாங்கத் தூண்டும் விளம்பரத்தை எழுத மறுப்பது எளிதன்று. அவ்வெல்லையை மாணவர் தம் உள்ளத்திலேயே வரைந்துகொள்ளல் வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மனம் ஒப்பாத பணியை மறுத்து ஒரு பிள்ளை வீடு திரும்பினால், “பிழைக்கத் தெரியாத பிள்ளை” என்று பழிக்காதீர்கள். ஊதியம் குறைந்தது என்று உறவினரிடம் குறைகூறாதீர்கள். நோன்பைக் கற்பித்துவிட்டு அதன் விலையைப் பிள்ளையை மட்டும் செலுத்தச் சொல்வது முறையாகாது.

பொய் மிகுந்த துறை என்று நல்லோர் விலகினால் அத்துறை பொய்யர்க்கே உரியதாகிவிடும். ஆதலின், விரும்பும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். ஒரு கையில் பாடநூலும் மறுகையில் நன்னூலுமாக அனுப்பி வையுங்கள். நெஞ்சில் அணுவிரதம் நிற்கட்டும்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!