சுமப்பவனுக்கும் பங்கு உண்டு

(காரைக்கால் தலத்தெருவில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



மது ஹராம் என்று மிம்பரிலிருந்து கூறப்படும்போது, "நாம்தான் குடிப்பதில்லையே" என்று நம்மில் பலர் மனநிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆனால் இன்றைய உரை குடிப்பவரைப் பற்றியது மட்டுமன்று. ஒரு சொட்டும் அருந்தாமல், ஒரு பையை இருசக்கர வாகனத்தில் வைத்து எல்லை கடந்து கொடுத்துவிட்டு, கூலி பெற்றுத் திரும்பும் இளைஞனைப் பற்றியது. அந்தக் கூலி எங்கிருந்து வந்தது என்று கேளாமல் உலை வைக்கும் குடும்பத்தைப் பற்றியது.

எல்லையில் மாறும் சட்டம்

நமது காரைக்கால், கிழக்கே கடலும் மற்ற மூன்று புறங்களிலும் தமிழ்நாடும் சூழ்ந்த பகுதி. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி செல்லும் சாலை. சில அடி தூரத்தில் சட்டம் மாறிவிடுகிறது.

இது நேற்று ஏற்பட்ட நிலையன்று. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அப்போது நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தச் சட்டம் இங்கே வரவில்லை. 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்த பின்னரும் புதுச்சேரி தனி வழியிலேயே சென்றது. 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டம் உரிமம் வழங்கித் தீர்வை வசூலிக்கும் சட்டமேயன்றி, மதுவை விலக்கும் சட்டமன்று.

தமிழ்நாட்டின் நிலையும் ஒரே சீராக இருந்ததில்லை. 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் வாயிலாக அரசே சில்லறை விற்பனை செய்கிறது. மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவும் அப்படியே இருக்கிறது. கடைகளும் திறந்தே இருக்கின்றன.

பிடிபட்டால் நேர்வது என்ன?

"அங்கேயும் விற்கிறார்கள், இங்கேயும் விற்கிறார்கள், இடையில் கொண்டு செல்வதில் என்ன குற்றம்?" என்று நம் பிள்ளைகளிடம் சிலர் ஆசை காட்டுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. புதுச்சேரி மாநிலத்து மதுவை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் விற்பனைக்குக் கொண்டு செல்வது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமாகும். சிறையும் அபராதமும் உண்டு. தவணையில் வாங்கிய வண்டியும் பறிமுதலாகலாம்.

இதைவிடக் கடுமையானது, மக்கள் குண்டர் சட்டம் என்று அழைக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் நீண்ட பெயரில் முதலில் குறிப்பிடப்படுபவர்களே கள்ளச்சாராயக்காரர்கள்தாம். தொடர்ந்து இத்தொழிலில் ஈடுபடுவோரை, வழக்கு விசாரணை முடிவதற்கு முன்பே, 12 மாதங்கள் வரை தடுப்புக்காவலில் வைக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே மாத இறுதியில் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால், குற்றவாளிக்கு ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க அத்திருத்தம் வழி செய்தது. தனக்குக் கொடுக்கப்பட்ட புட்டியில் என்ன இருக்கிறது என்பதைச் சுமந்து செல்லும் பையன் அறிவானா?

மற்றுமொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். வளைகுடாவையும் சிங்கப்பூரையும் நம்பி வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஓர் இரவின் கூலிக்காக, பல ஆண்டுகளின் ரிஸ்க்கை இழக்கலாமா?

சாபத்தில் பங்கு

அருமைச் சகோதரர்களே! சட்டத்தின் தண்டனை பிடிபட்டவனுக்கு மட்டுமே. பிடிபடாமல் தப்பியவன் நிலை என்ன?

மதுவின் விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. அப்பட்டியலில் குடிப்பவர் ஒருவர் மட்டுமே. பிழிபவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், வாங்குபவர் ஆகியோருடன், சுமந்து செல்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். சுமந்து செல்பவர் நம் பிள்ளை என்றால், கிரயத்தை உண்பவர் யார்? மதுக்கடைக்குக் கட்டடத்தை வாடகைக்கு விட்டு மாதந்தோறும் பணம் பெறுபவரும் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

மது தடை செய்யப்பட்டதை அறியாத ஒருவர், தோல் பையில் மதுவை நபியவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். அது ஹராமாக்கப்பட்டது என்று கூறப்பட்டதும், அதை விற்றுவிடுமாறு அருகிலிருந்தவரிடம் இரகசியமாகக் கூறினார். குடிப்பதைத் தடுத்தவனே விற்பதையும் தடுத்திருக்கிறான் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். அம்மனிதர் அங்கேயே பையைத் திறந்து முழுவதையும் கொட்டிவிட்டார். நஷ்டம் அவருக்குத்தான், ஆனால் அவர் கணக்குப் பார்க்கவில்லை.

மதீனாவில் தடைச் செய்தி வந்த நாளில் அனஸ் (ரலி) அவர்கள், அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பரிமாறிக் கொண்டிருந்தார்கள். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்டது. உடனே அனைத்தும் கொட்டப்பட்டு மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. வாகனத் தணிக்கை இல்லை. உள்ளத்தில் ஈமான் காவல் நின்றது. வாஞ்சூருக்கு இப்புறம் ஹராமாக இருப்பது அப்புறமும் ஹராமே. மனிதச் சட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்; அல்லாஹ்வின் சட்டத்திற்கு எல்லைக் கல் இல்லை.

நமது கடமை

"வேலை இல்லை ஹஜ்ரத், என்ன செய்வது?" என்று கேட்கும் இளைஞனின் துயரம் உண்மையானது. அவனுக்கு ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினால், நாம் கடமையில் பாதியைத்தான் செய்தவர்களாவோம். வசதி படைத்தவர்கள் தம் கடையிலும் நிறுவனத்திலும் ஓர் இடம் தரட்டும். ஜகாத்தைப் பத்தும் இருபதுமாகச் சிதறடிக்காமல், ஓர் ஏழை இளைஞன் தொழில் தொடங்கும் அளவுக்குச் சேர்த்துக் கொடுப்போம்.

பிடிபட்டுத் திரும்பியவனை ஊர் எப்படி நடத்துகிறது என்பதும் முக்கியமானது. நபியவர்கள் காலத்தில் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். தண்டனையும் நிறைவேற்றப்பட்டது, தவ்பாவின் வாசலும் திறந்திருந்தது. இந்நாட்டில் தண்டிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. யாரும் அதைக் கையில் எடுக்கலாகாது. தண்டனை முடிந்து வருபவனின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருவதே நம் பொறுப்பு.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், தந்தைமார்களே, தாய்மார்களே, பிள்ளை கொண்டு வந்து நீட்டும் பணத்தைப் பெறுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாப்பா, இது எங்கிருந்து வந்தது?" அவன் பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பணத்தை வாங்காதீர்கள், ஆனால் அவனைக் கைவிட்டுவிடாதீர்கள்.

வல்ல நாயன் அல்லாஹ், நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்கி, ஹராமான கவளம் நம் இல்லங்களில் நுழையாமல் பாதுகாத்து அருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.