கண்ணீரும் சான்றும்: கல்லம் மக்ரேயின் ஆவணப்படப் பணி



2011 ஜூனில் சேனல் 4 ஒளிபரப்பிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’, 2013இல் வந்த ‘நோ ஃபயர் சோன்’ ஆகிய, இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் பற்றிய கல்லம் மக்ரேயின் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். என் துறை நண்பர்கள் சிலர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இது: அவை ஒப்பாரிப் படங்கள், நெஞ்சை உருக்குமே தவிர வரலாற்றுக்குச் சான்றாகா. கருத்தரங்குகளில் அரைகுறையாக மறுத்திருக்கிறேன். இன்று முழுமையாக மறுக்கிறேன்.

விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனை எடுத்துக்கொள்வோம். வயது 12. அவன் சடலத்தைக் காட்டும் காட்சி முதல் படத்தின் தொடர்ச்சியாக 2012 மார்ச்சில் வந்த படத்தில் இடம்பெற்றது. அழவைப்பது மட்டுமே நோக்கமென்றால் அந்தக் காட்சியே போதும். ஆனால் மக்ரே அதைத் தடயவியல் நோயியலாளர் டெரிக் பவுண்டரிடம் கொண்டுபோனார். மார்பில் ஐந்து குண்டுக் காயங்கள். ஒரு காயத்தைச் சுற்றி வெடிமருந்துத் துகள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. இரண்டு மூன்று அடிக்குள் நின்று சுட்டால்தான் அப்படிப் பதியும் என்றார் பவுண்டர். பையன் கை நீட்டினால் துப்பாக்கியைத் தொடும் தூரம் அது. முதல் குண்டில் அவன் பின்புறமாகச் சாய, மற்றவை விழுந்து கிடந்தவன்மேல் பாய்ந்தவை என்பது அவர் கணிப்பு. அருகில் ஐந்து ஆண்களின் சடலங்கள். தரையில் துணிக் கீற்றுகள். கைகளையும் கண்களையும் கட்டியிருக்கலாம் என்பதற்கு அவை குறிப்பு.

மக்ரே அத்தோடு விடவில்லை. 2013 பிப்ரவரியில் வேறு படங்கள் வெளிவந்தன. மணல் மூட்டை அடுக்கிய பதுங்கு குழியில் அதே பையன் உயிரோடு உட்கார்ந்து ஏதோ தின்கிறான். அவையும் சடலப் படமும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை எனப் படக்குழு ஆராய்ந்து சொன்னது. இலங்கை இராணுவம் மறுத்தது. ஆனால் இருபக்கத் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்தான் என்று சொல்ல இனி இடமேது? காயம், தூரம், நேரம், கேமரா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கோத்த இந்த வேலையை ஒப்பாரி என்பவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. புலிகளின் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் இசைப்பிரியா பிடிபட்டபோது உயிரோடிருந்ததைக் காட்டிய 2013 நவம்பர்க் காட்சிக்கும் இது பொருந்தும்.

இப்படங்கள் தொடர்பாக நம் மலேசியாவின் செய்தியும் உண்டு. 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூரில் ‘நோ ஃபயர் சோன்’ திரையிட்டதற்காக, கோமாஸ் மனித உரிமை அமைப்பின் லீனா ஹென்ட்ரிமீது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். 2016இல் விடுதலை, மேல்முறையீட்டில் அது ரத்து, 2017 மார்ச்சில் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம். இவ்வழக்கைத் தனியே எழுத வேண்டும்.

நேரமாகிவிட்டது. மாணவர்களுக்குச் சில வேலைகள்: இப்படங்களுக்கு மூலமான கைப்பேசிக் கோப்புகள் எந்தெந்தக் கைகள் மாறி வந்தன என்ற வரலாறு, இலங்கை குறித்த ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி ஐ.நா. திரட்டும் சான்றுகளில் இத்தகைய படங்களின் இடம். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் போய் மீண்டவர்களின் பதிவுகளையும் இதே கண்டிப்போடு சரிபார்த்தல். இக்கடைசி வேலையை இங்கே பினாங்கிலேயே தொடங்கலாம். பதிவு நாடாக்கள் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.