விற்பனைப் பத்திரத்தில் தொழிலாளி எங்கே?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த மும்பையில், நரிமன் பாயிண்டில் மாடி மாடியாக வக்கீல் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்குள்ள வக்கீல்களில் பலர் கோர்ட் படி ஏறுவதே அரிது. பிறகு என்னதான் செய்கிறார்கள்? ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டுக் கம்பெனியை வாங்கும்போது பத்திரம் எழுதுகிறார்கள். கடன், வழக்கு, வரிப் பாக்கி எல்லாவற்றையும் அலசி, எது கைமாறும், எது மாறாது என்று பட்டியல் போடுகிறார்கள்.

அந்தப் பட்டியல் நம் சோற்றுப் பானையைத் தொடுமா? தொடும். ஸ்ரீபெரும்புதூரே சாட்சி.

நோக்கியா அங்கே 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2013 செப்டம்பரில் அந்தப் பின்லாந்துக் கம்பெனி தன் கைப்பேசித் தொழிலை அமெரிக்காவின் மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. காப்புரிமை அனுமதியும் சேர்த்து விலை 544 கோடி யூரோ. ஆனால் வருமான வரி வழக்கில் நம் ஊர் ஆலை முடக்கப்பட்டது. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடு என்றது சுப்ரீம் கோர்ட். நோக்கியா கொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பட்டியலுக்கு வெளியே நின்றது. சில மாதம் மைக்ரோசாப்டுக்குச் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றது. நவம்பர் 1 அன்று உற்பத்தி முடிந்தது. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் ஏராளமான இளம்பெண்கள், வேலை இழந்தார்கள். பலருக்கு அதன் பெயர் ‘விருப்ப ஓய்வு’!

வரி கேட்டது தவறு என்று நாம் சொல்லவில்லை. வாங்கியவனுக்கு வக்கீல் இருந்தார், விற்றவனுக்கு இருந்தார், அரசுக்கும் இருந்தார். பட்டியல் எழுதிய மேசையில் தொழிலாளிக்கு யார் இருந்தார்? எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, கம்பெனி கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். கைமாறுவது பங்கா, ஆலையா என்று யூனியன் மூலம் கேளுங்கள். பங்கு மட்டும் என்றால் முதலாளி அதே கம்பெனிதான். பழைய சர்வீஸ் அறுபடாது. ஆலையே என்றால் சர்வீஸ் தொடருமா, சம்பளம் குறையாதா, இல்லையேல் நஷ்டஈடு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு உண்டு. நம் பிள்ளைகளும் பத்திரம் எழுதக் கற்கட்டும். அவர்களில் சிலராவது நம் பக்கம் உட்கார்ந்து எழுதட்டும்!