அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்

(வத்திராயிருப்பில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருசம் பட்டம் வாங்கப் போகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போவீர்களா என்று கேட்டேன். பாதிப்பேர் சிரித்தீர்கள். "கவுனு வாடகை, விழாக் கட்டணம், ஒருநாள் கூலியும் போகும். ஆபீசுல போயி சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கிடலாம்ணே" என்கிறீர்கள். கணக்குச் சரிதான். ஆனால் பட்டம் உங்கள் ஒருத்தர் கணக்கு இல்லை. அதைப் பேசத்தான் வந்தேன்.

என் அக்கா மக பட்டம் வாங்கினாள். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. பிளவக்கல் தண்ணி திறந்து நடவு நடக்கிற நேரம். அக்கா ஒருநாள் லீவு கேட்டாள். நிலத்துக்காரர் சொன்னார்: "ஒம் மகளுக்குப் பட்டமா? கோட்டாவுல குடுத்திருப்பாக."

கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மூணு பேரும் பஸ்ஸில் போனோம். ஒரு பட்டதாரிக்கு ரெண்டு பாஸ். அக்காவும் மச்சானும் உள்ளே போனார்கள். நான் பக்கவாட்டு வாசலில் நின்றேன்.

மச்சானை ஊருக்குள் பத்து வயசுப் பொடியனும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். களத்துமேட்டில் நின்றபடியே கூலி வாங்கிப் பழகிய மனுசன். அரங்கில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அவர் சுவரோரமாக நிற்கிறார். ஒரு மாணவி வந்து "ஐயா, உட்காருங்க" என்றாள். நகர்ந்து நின்றார். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மகள் பேரை மைக்கில் படித்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "மறைக்குதும்மா, உட்காருங்க" என்றார் பின்னால் இருந்தவர். அக்கா உட்காரவே இல்லை. மகள் மேடையை விட்டு இறங்குகிறவரைக்கும் நின்றாள்.

நிற்கிறதிலும் ரெண்டு வகை இருக்கிறது தோழர்களே.

கோட்டா என்று நக்கலடிக்கிறவனுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக்குக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்து அதற்காக வாதாடியவர் அம்பேத்கர். தனியார் கல்லூரியில் படித்தாலும் நிர்ணயித்த கட்டணத்தை அரசே கொடுக்கும் என்றது தமிழ்நாட்டின் 2012 அரசாணை 92. எதுவும் எவன் வீட்டுப் பிச்சையும் இல்லை. தலைமுறை தலைமுறையாய் நாம் நட்ட நெல்லுக்கு வரவேண்டிய பாக்கி.

அம்பேத்கரின் அப்பா ராம்ஜி, மகனுக்குப் புத்தகம் வாங்க மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்தவர். மகன் பி.ஏ. முடித்த கொஞ்ச நாளில், 1913 பிப்ரவரியில் இறந்துபோனார். நியூயார்க்கிலும் லண்டனிலும் அம்பேத்கர் படித்தபோது பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் ராமாபாய். பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். 1952 ஜூன் 5 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் அம்பேத்கருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து மரியாதை செய்தது. அதைப் பார்க்க ராமாபாய் இல்லை. 1935இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சுமந்தவர்கள் பார்க்காத பட்டங்கள் நம் வரலாற்றில் ஏராளம். உங்களைச் சுமந்தவர்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள்.

இன்னொரு மேடையும் உண்டு. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் தண்டிக்கப்பட்ட ஐந்து தலித் ஆய்வாளர்களில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனார். ஏழு மாத உதவித்தொகை பாக்கி ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்தார். தையல் தைத்துப் படிக்க வைத்த தாய் ராதிகாவுக்கு மகனின் பட்டமளிப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஐவரில் ஒருவர் சுங்கண்ணா வேல்புலா. 2016 அக்டோபர் 1 அன்று முனைவர் பட்டம் வாங்க மேடையேறியவர், துணைவேந்தர் கையால் வாங்க மறுத்தார். வேறொருவர் கொடுக்கத்தான் வாங்கினார். பட்டத்தை அவர் விடவில்லை. கொடுக்கிற கையைத்தான் மறுத்தார். மேடைக்குப் போனவனால்தான் மறுக்கவும் முடியும்.

ஆகவே சொல்கிறேன். விழாவுக்கு நேரத்தோடு பணம் கட்டுங்கள். முடியாதவருக்கு நாம் கூடிக் கட்டுவோம். நாலு வீடு சேர்ந்தால் ஒரு வேன். உதவித்தொகை வரவில்லை என்று அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தால் தனியாக அழாதீர்கள். கல்லூரிகள் அப்படிப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

அடுத்தது, நம் தெருவிலும் ஒரு விழா வேண்டும். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். தலைமை எஸ்.கே.போலே. கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். மெட்ரிக் தேறியதற்கே ஊர் கூடியது. நாமும் கூடுவோம். பட்டதாரி பேரோடு அம்மா பேரையும் அப்பா பேரையும் மைக்கில் படிப்போம். அங்கே பாஸ் கிடையாது. நாற்காலி முழுக்க நம்முடையது.

ஜெய்பீம்.