ஈசிஜி தாளும் எண்ணும் கணக்கும்
(இதயப் பரிசோதனை முகாமின் மாலையில் நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

காலையில் ஈசிஜி எடுத்தவர்கள் அந்தக் கட்டம் போட்ட தாளைக் கையில் எடுங்கள். ஓரத்தில் நொடிக்கு 25 மில்லிமீட்டர் என்று வேகம் அச்சாகியிருக்கும். கூராக எழும் ஒவ்வொரு முனையும் ஒரு துடிப்பு. அடுத்தடுத்த இரு முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75.

நம் கண்ணுக்கு எளிதாக இருப்பது இயந்திரத்துக்கு அப்படியில்லை. கை அசைந்தால் கோடு நடுங்கும், மூச்சு இழுத்தால் ஏறி இறங்கும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கலந்துவிடும். 1985-இல் ஜியாபு பான், வில்லிஸ் டாம்ப்கின்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சுமார் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டிவிட வேண்டும். பிறகு கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்து, அந்தச் சரிவை வர்க்கப்படுத்த வேண்டும். பெரியது மேலும் பெரிதாகும், சிறியது அடங்கிப்போகும். அதன்பின் 150 மில்லிநொடி அளவில் சராசரி எடுத்து, ஒரு வரம்பைத் தாண்டுவதைத் துடிப்பு என்று கொள்வார்கள்.

துடிப்பின் முனைக்குப் பின்னால் ‘டி அலை’ என்று ஒரு மேடு வரும். சிலருக்கு அது உயரமாக இருக்கும். என் அம்மாவை ஒருமுறை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது திரையில் 144 என்று காட்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நர்ஸம்மா மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினார்கள். 72. இயந்திரம் மேட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. பான், டாம்ப்கின்ஸ் இதையும் யோசித்திருந்தார்கள்: முந்தைய துடிப்புக்குப் பின் 360 மில்லிநொடிக்குள் இன்னொரு முனை வந்து, அதன் சரிவு பாதிக்கும் குறைவாக இருந்தால், அது துடிப்பல்ல, டி அலை.

இன்னொன்று. இடைவெளிகள் ஒரே சீராக இல்லையென்றால் 300 கணக்கு உதவாது. 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 நொடியில், எத்தனை முனை என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். விடை இயல்பான அளவிலேயே வந்தாலும், சீரில்லாத தாளை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். நெஞ்சு வலிக்கும்போது கட்டம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

தாளை இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. நம் மணமேல்குடி வெயிலுக்கு எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.