எது பாரம்பரியம், எது ஆக்கிரமிப்பு?

(சென்னையில் மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு பட்டியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2010இல், விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று, இந்த நகரத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களைப் பற்றியும் பேசியது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த அந்தப் பட்டியலில் 467 கட்டடங்கள். 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை நிற்கட்டும். பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹாலும் நிற்கட்டும். அவற்றுக்குச் செங்கல் சுமந்ததும் சுண்ணாம்பு அரைத்ததும் யார் என்று நமக்குத் தெரியும். அது நம் உழைப்பும்தான்.

என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. கட்டடத்தின் வயது என்ன, கட்டடக்கலை என்ன, எந்தப் பெரிய மனிதரோடு தொடர்புடையது? இப்படித்தான் பாரம்பரியம் அளக்கப்படுகிறது. சொந்த மனையில் கல்லும் காரையுமாகக் கட்ட முடிந்தவர்களே இந்தத் தேர்வில் தேறுவார்கள். கும்பெனி காலத்து ஆவணங்களிலேயே கறுப்பர் நகரத்தோடு பறச்சேரியும் வருகிறது. இந்த நகரத்துக்கு என்ன வயதோ, கிட்டத்தட்ட அதே வயது சேரிக்கும் உண்டு. ஆனால் ஓலைக்கும் மண்ணுக்கும் யாரும் வயது பார்ப்பதில்லை. தீயில் எரிந்து, வெள்ளத்தில் போய், திரும்பத் திரும்ப அதே இடத்தில் எழுந்த குடிசைக்குப் ‘பழமை’ கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே பெயர் ‘ஆக்கிரமிப்பு’.

ஆய்வுக்காகப் பெரும்பாக்கம் போய்வருகிறேன். கூவம் கரையிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்ட ஓர் அக்காவிடம், “பழைய இடத்துல எதைக் காப்பாத்தியிருக்கணும்?” என்று கேட்டேன். வீட்டைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“மன்றத்தைத்தான் தம்பி. அம்பேத்கர் மன்றம். சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் அங்கதான். சாவு விழுந்தா ஜனம் கூடுறதும் அங்கதான். கவுன்சிலர் வந்தாலும் அங்க நின்னுதான் பதில் சொல்லணும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைதானே, ஜேசிபிக்கு ரெண்டு நிமிஷம்.”

அவர் சொன்னது ஒரு கட்டடத்தை அல்ல. ஒரு மக்கள் கூட்டம் தன் குரலைச் சேர்த்துவைத்த இடத்தை. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். அப்படியோர் அச்சுக்கூடத்துக்குக் குவிமாடம் இருக்காது, வளைவுகள் இருக்காது. அழகை மட்டும் பார்க்கும் அளவுகோலில் அதற்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூவத்தைச் சீரமைக்கிறோம், நகரத்தை அழகாக்குகிறோம் என்றால் முதலில் வெளியேற வேண்டியவர்கள் யார் என்று யாரும் விவாதிப்பதே இல்லை. அது முன்பே முடிவாகியிருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஒரே சமூகத்தினரைக் குவித்தால், அது அடுக்குமாடியில் கட்டிய புதுச் சேரி இல்லாமல் வேறென்ன? 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: குடிசைப் பகுதிகள் ‘மேம்பாடு மற்றும் அகற்றுதல்’ சட்டம். மேம்பாடுதான் முதலில் வருகிறது. இருந்த இடத்திலேயே குழாயும் கழிப்பறையும் பட்டாவும் கொடுப்பது புதிய கோரிக்கை அல்ல. வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றினார்கள். மாற வேண்டியது பெயர் மட்டுமல்ல.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். பாரம்பரியப் பட்டியலில் மன்றங்களும் இரவுப் பள்ளிகளும் தொழிற்சங்கக் கட்டடங்களும் இடம்பெற வேண்டும். ஒரு கட்டடத்தையோ ஆற்றையோ மீட்கும் திட்டம் எதுவானாலும், அதைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அங்கேயே வீடு என்பது அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதி மன்றத்தில் திறப்புவிழாக் கல் இருக்கும். அதைப் படமெடுங்கள். அதிலுள்ள தேதியைக் குறியுங்கள். கட்டும்போது மண் சுமந்த பெரியவர்கள் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கல் உடைந்த பிறகு நம்மிடம் ஆதாரம் கேட்பார்கள். ஜேசிபி வருவதற்கு முன்பே நம் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.